குடும்பத்தோடு பார்க்கலாம்

அந்த ஊருக்குப் புதுப்படம் வந்தால், நூலகச் சுவரில் இருக்கும் கரும்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் பெற்றவர்கள் டிக்கெட் எடுப்பார்கள். 'பிள்ளைகளோடு பார்க்கலாம்', 'வேண்டாம்' என்று இரண்டில் ஒன்று அதில் இருக்கும். எழுதுகிறவர் எஸ்தர் டீச்சர். வெள்ளிக்கிழமை முதல் காட்சி பார்த்துவிட்டு நேரே வந்து எழுதுவார்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் அழகிரி. டீச்சரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணாமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது. படம் பார்க்கும்போது மடியில் ஒரு நோட்டு இருக்கும். முத்தம், மது, ரத்தம், கெட்ட வார்த்தை என்று அதில் நாலு கட்டம். ஒவ்வொன்று வரும்போதும் ஒரு கோடு போடுவார். டீச்சர் அந்த நோட்டைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

டீச்சர் டைபாய்டில் படுத்திருந்த வாரம் ஒரு காதல் படம் வந்தது. ஒரே சிரிப்பு என்று ஊரே பேசியது. அழகிரி தனியாகப் போனார். படம் முடிந்தபோது நாலு கட்டமும் காலி. 'பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம்' என்று எழுதினார். 'தாராளமாக' என்பது அவர் சொந்தமாகச் சேர்த்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

மூன்றாவது வாரம், டீச்சரைப் பார்க்க அழகிரி போயிருந்தபோது, வீட்டு வாசலில் புஷ்பவனம் வந்து நின்றார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பஞ்சர் கடை வைத்திருப்பவர்.

"பலகையில எழுதுனது நீங்களா சார்?"

"ஆமா" என்றார் அழகிரி.

"அதப் பாத்துட்டுதான் எம்பிள்ளையக் கூட்டிட்டுப் போனேன். செண்பகம். பதினொண்ணு படிக்கா."

அவளை ஒருத்தன் இரண்டு மாதமாக பைக்கில் துரத்திக்கொண்டிருந்தானாம். வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று அவள் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. படத்திலும் கதாநாயகன் அப்படித்தான் துரத்துகிறான். கதாநாயகி ஏறிய பஸ்ஸை மறித்து உட்காருகிறான். கடைசியில் தண்ணீர் டேங்கில் ஏறி, சரி என்று சொல்லாவிட்டால் குதிப்பேன் என்கிறான். தியேட்டரே அதிர்ந்தது. புஷ்பவனத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செண்பகம் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கழித்து, டியூஷன் வாசலில் அவன் வழிமறித்துக் கேட்டான். மாட்டேன் என்றாள். அவன் கையில் பிளேடு இருந்தது.

"கன்னத்துல பதினோரு தையல் சார்."

அழகிரி திண்ணையைக் காட்டினார். புஷ்பவனம் உட்காரவில்லை.

"ஏம்மா உங்கப்பாட்ட முன்னாடியே சொல்லலன்னு பொம்பள போலீஸ் கேட்டிருக்காங்க. 'அப்பா சிரிச்சாங்க'ன்னு சொல்லிருக்கா. அம்புட்டுதான் சார். எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. நான் சோறு கொண்டு போனா சொவரப் பாத்துத் திரும்பிக்கிடுதா."

புஷ்பவனம் கைலியில் கையைத் துடைத்தார். கையில் துடைக்க ஒன்றுமில்லை.

"நான் சண்டைக்கு வரல சார். நீங்க வெவரமானவுக. அந்தப் படத்துல எந்த எடம் தப்புன்னு சொல்லுங்க. அவகிட்டப் போயி, இன்ன எடத்துல தப்புப் பண்ணிட்டேன் தாயின்னு சொல்லணும். யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். எனக்குப் பிடிபடல."

"சாயங்காலம் வாங்க" என்றார் அழகிரி.

அவர் போனதும் அழகிரி நோட்டைத் திறந்து, உள்ளே கட்டிலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டீச்சரிடம் நீட்டினார்.

"நாலு கட்டமும் காலி டீச்சர். நான் எங்க விட்டேன்?"

டீச்சர் நோட்டை வாங்கவில்லை. "படம் இன்னும் ஓடுதா?"

"இன்னைக்கோட எடுக்காங்க."

"வாங்க."

காய்ச்சலில் பாதியாக இளைத்திருந்தார். ஆனாலும் நடந்தே வந்தார். தியேட்டர்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, திரைக்குக் கீழே, திரைக்கு முதுகு காட்டிப் போட்டார்.

"உக்காருங்க. திரும்பக் கூடாது."

"அப்போ படத்த எப்படிப் பாக்க?"

"அதத்தான் எண்ணி முடிச்சிட்டீங்களே."

நோட்டுக்காகக் கையை நீட்டினார். அழகிரி கொடுத்தார். கொடுத்ததும் கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"பெருசு என்ன, ஸ்கிரீனுக்குக் காவலா?" என்று எவனோ கத்தினான். விளக்கு அணைந்தது.

முதுகுக்குப் பின்னால் படம் ஓடியது. சத்தத்தை வைத்தே எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்தது. பஸ் பிரேக் அடித்தது. கதாநாயகி வீல் என்று கத்தினாள். எதிரே அத்தனை வாயும் திறந்தன. அன்று திரையைப் பார்த்தபடி கேட்டபோது அது வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது. இங்கிருந்து பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

டேங்க் காட்சி வந்தது. நாலாவது வரிசையில் ஒரு ஆள் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் பதிமூன்று வயது இருக்கும் ஒரு பெண். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு அவளும் சிரித்தாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. சைக்கிள் ஸ்டாண்ட் ஓரத்தில் அழகிரி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பாத்தீங்க?" என்றார் டீச்சர்.

"ஒரு பிள்ள, டீச்சர். அவங்கப்பா மூஞ்சியப் பாத்துட்டுதான் சிரிக்குது."

"ம்."

"அந்த டேங்க்ல ஏறுற எடம்... அன்னைக்கு நானும்..."

"சொல்லுங்க."

"விழுந்து விழுந்து சிரிச்சேன். பேனா கீழ விழுந்துட்டு. குனிஞ்சு எடுத்துக்கிட்டு மறுபடியும் சிரிச்சேன்."

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க டீச்சர். கட்டிக் கொடுத்தாச்சு. படிக்கிற காலத்துல எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. சொல்ற மாதிரி ஒண்ணும் நடக்கலன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிருக்கேன்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"புஷ்பவனம் வந்துருவாரு. எந்த எடம் தப்புன்னு கேப்பாரு. என்னத்தச் சொல்ல?"

"நீங்க சிரிச்ச எடத்தச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.