எல்லைப் பாறையைக் கண்டவள்

தீர்ப்புச் சொல்ல நாக்குத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் அடக்கிக்கொண்டு கேளுங்கள். இந்தக் கதையில் அவசரப்பட்டுக் கெட்டவர் என்று சொல்லிவிடக்கூடியவர் ஒருவரும் இல்லை.

கடலுக்கு இக்கரையில் செம்மண் நாடு, அக்கரையில் கரிசல் நாடு. நடுவில் கிடந்த ஒரு திட்டுக்காக இரண்டும் வெகுகாலம் அடித்துக்கொண்டு ஓய்ந்தன. ஓய்ந்த சூட்டோடு, இனி நாம் ஒருதாய் மக்கள் என்று கைகுலுக்கி, இரு அரசுகளும் கூட்டாக ஒரு விமான நிறுவனம் தொடங்கின. இருந்தது ஒரே விமானம். அதற்கு ஒரு இறக்கை சிவப்பு, மறு இறக்கை கறுப்பு.

ஓர் உறையில் இரண்டு கத்தி தங்காது என்று யாராவது அன்றே சொல்லியிருக்கலாம். செம்மண் வானத்தில் செம்மண் நாட்டுக் கேப்டன் மாசிலாமணி வைத்தது சட்டம். எல்லை தாண்டினால் கரிசல் நாட்டுக் கேப்டன் இத்ரீஸ் வைத்தது சட்டம். எல்லையைத் தாண்டியாயிற்று என்று அறிவிக்கிற வேலை, வழி கணிக்கும் அதிகாரியான அஞ்சுகத்துக்கு.

அவள் அந்தத் திட்டில் பிறந்தவள். அங்கே நிற்கும் வெள்ளைப் பாறைதான் எல்லை. அந்தப் பாறையைப் பற்றி எவனோ ஒரு சாட்சி சொன்ன பொய்யால் கடைசிச் சண்டை மூண்டது. அதில் அவள் அண்ணன் செத்தான். ஆகவே எல்லை விஷயத்தில் இவள் வாயில் பொய் வராது என்று இரண்டு அரசும் நம்பின. அவள் "எல்லை" என்று சொன்னால் தலைமை கைமாறும். சொல்லாவிட்டால் மாறாது.

ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருந்தது. பழுதான விமானம் எந்த மண்ணில் இறங்குகிறதோ, பழி முழுவதும் அந்த நாட்டுக்கு. ஒவ்வோர் அரசும் தன் கேப்டனைத் தனியே அழைத்துக் காதில் ஓதியிருந்தது: "கெட்டுப்போன விமானத்தோடு நம் மண்ணுக்கு வராதே."

ஒருநாள் பிற்பகல், செம்மண் நாட்டிலிருந்து போகும் வழியில், எல்லையை நெருங்கும்போது இடது என்ஜின் புகைந்தது.

"திருப்புங்க சார்," என்றார் இத்ரீஸ்.

"ரெண்டு கரையும் ஒரே தூரந்தான். நேராவே போவோம்," என்றார் மாசிலாமணி.

வெள்ளைப் பாறை கீழே நகர்ந்தது. "எல்லை," என்றாள் அஞ்சுகம். அந்த நொடியே இத்ரீஸ் விமானத்தைத் திருப்பினார். மறுபடி பாறை, மறுபடி "எல்லை." மாசிலாமணி மறுபடி திருப்பினார். வெயில் ஒரு ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலுக்குப் போய்ப்போய் வந்தது.

"என்னம்மா, இந்தப் பாறை நம்ம கூடவே வருதே?" என்று பின்னால் ஒரு பயணி பணிப்பெண்ணிடம் கேட்டது அஞ்சுகத்தின் காதில் விழுந்தது. அவள் எரிபொருள் முள்ளைப் பார்த்தாள்.

"எரிபொருள் தீருது. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க சார்," என்று கெஞ்சினாள்.

"பேசுறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா," என்றார் மாசிலாமணி.

புகைக்குள் நெருப்பு தெரிந்தது. மாசிலாமணி கரிசல் பக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தபோது பாறை மீண்டும் கீழே வந்தது. எந்தப் பக்கமானாலும் சரி, ஒரே பக்கமாகப் போனால் பிழைக்கலாம். நாக்கு நுனிவரை வந்த சொல்லை அஞ்சுகம் விழுங்கினாள்.

"அஞ்சுகம், சொல்லு," என்றார் இத்ரீஸ்.

அவள் சொல்லவில்லை. இத்ரீஸ் கீழே பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்து ஓட்டுப்பிடியில் வைத்திருந்த கைகளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். கரிசல் கரை தெரிந்தபோது, "பக்கக் காத்து பலமா இருக்கும், பாத்து," என்று மட்டும் மாசிலாமணியிடம் சொன்னார். விமானம் இறங்கியது. எல்லோரும் ஓடித் தப்பிய பின் அது நின்ற இடத்திலேயே எரிந்து போனது.

உயிர் பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வினை மட்டும் விசாரணை மண்டபத்துக்குப் போனது. செம்மண் நாட்டு வழக்கறிஞர் எழுந்தார். "அஞ்சுகம் எல்லையைத் தவறவிட்டதே கிடையாது. கடைசியாகப் பாறைக்கு மேலே போனபோது அவள் வாய் திறக்கவில்லை. அப்படியானால் எல்லை பாறையில் இல்லை, அதற்கும் அப்பால் இருக்கிறது. திட்டு முழுவதும் எங்களுடையது!"

மண்டபம் கொதித்தது. மாசிலாமணி, "சொன்னால் தலைமையைக் கொடுப்பேன், சொல்லவில்லை, ஓட்டினேன்," என்று சொல்லி உட்கார்ந்தார். இத்ரீஸ் எழுந்தார். "கடைசித் தடவை ஒரே புகை. பாறை எனக்கும் தெரியலை, அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது," என்றார். பாறையே தெரியவில்லை என்றால் எல்லை வழக்கும் இல்லை. இரு பக்கத்து அமைச்சர்களும் மூச்சு விட்டார்கள்.

அஞ்சுகம் "ஆமாம்" என்றால் போதும். அவளுக்கோ அண்ணன் முகம் கண்ணில் நின்றது. அவனைக் கொன்றதும் பாறையைப் பற்றிய ஒரு பொய்ச் சாட்சிதானே!

"பாறை தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்," என்றாள்.

ஒருமுறை மறைத்தவள் எத்தனை முறை மறைத்தாளோ என்றது கரிசல் நாடு. அவளை மிரட்டிப் பேச வைத்துவிட்டார்கள் என்றது செம்மண் நாடு. கெட்ட விமானத்தைத் தன் மண்ணில் இறங்கவிட்டுப் பொய்யும் சொன்ன இத்ரீஸைத் துரோகி என்று அவருடைய நாடே சிறையில் தள்ளியது. மாசிலாமணிக்குப் பதக்கம் கிடைத்தது. நிறுவனம் கலைந்தது. இரு கரையிலிருந்தும் படகுகள் திட்டை நோக்கிக் கிளம்பின. அவற்றில் பயணிகள் யாரும் இல்லை.

இப்போது சொல்லுங்கள்: விதிப்படி ஓட்டிய மாசிலாமணி, பொய் சொன்ன இத்ரீஸ், மெய் சொன்ன அஞ்சுகம், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாசிலாமணி விதியை மீறவில்லை, அதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மற்ற இருவரையும் அவரவர் செயலுக்கு விலை கொடுத்தது யார் என்று கேட்டு அளந்து பாருங்கள். வானத்தில் அஞ்சுகம் தன் நல்ல பெயரைக் கொடுத்துப் பிறர் உயிரை வாங்கினாள். அங்கே அவள் செய்தது சரி. தரையில் இத்ரீஸ் அதையேதான் செய்தார். அங்கே அவர் செய்தது சரி. அவள் சொன்ன மெய் அவள் மனசைக் கழுவியது, ஆனால் அதற்கு விலை கொடுத்தது திட்டில் இருந்த சனங்கள். பொய் கொல்லும் என்று அண்ணனின் பிணத்தருகே தெரிந்துகொண்டவள், மெய்யும் கொல்லும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. பாவம், அவள் வீடும் அந்தத் திட்டில்தான் இருந்தது.