தவளையை வரைந்த இளவஞ்சி

முன்னொரு காலத்திலே, ஏரிகளெல்லாம் வருஷம் தவறாமல் நிறைந்த காலத்திலே, கொன்றைநாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே இளவஞ்சி, முத்தாரம் என்று இரண்டு சகோதரிகள். தாய் தகப்பன் இல்லை. அக்காவுக்குத் தங்கை, தங்கைக்கு அக்கா, அவ்வளவுதான் உறவு. முத்தாரம் நூலுக்குச் சாயம் போடுவாள். இளவஞ்சி நெசவாளிகளுக்குச் சேலைக் கரை வரைந்து கொடுப்பாள். அன்னம், மாங்காய், கிளி உட்கார்ந்த மரம் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் கை தானாக வரையும்.

ஒரு நாள் முத்தாரம் சாய நூலை ஏரியில் அலசினாள். சற்றுத் தள்ளி, அந்த ஏரியே தனக்குச் சொந்தம் என்று நினைத்த தூமகேது என்கிற மந்திரவாதி குளித்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை, பாவம். சாயம் மிதந்து போய் அவனுடைய வெள்ளைத் தாடியைச் செக்கச்செவேலென்று ஆக்கிவிட்டது. வேறு ஆளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். இவனுக்கோ மூக்குக்கு மேல் கோபம். கோலைத் தட்டினான். முத்தாரம் நின்ற இடத்தில் ஈர நூல்தான் கிடந்தது.

இளவஞ்சி ஓடிவந்து அவன் காலில் விழுந்தாள். அழுதாள், கெஞ்சினாள், தாடியைத் தானே வெளுத்துத் தருவதாகக்கூடச் சொன்னாள். கடைசியில் தூமகேது கொஞ்சம் இறங்கி வந்தான்.

“உன் தங்கை இந்த ஏரிக்கரையில்தான் இருக்கிறாள், வேறு உருவத்தில். மூன்று முறை சுட்டிக்காட்டலாம். சரியாகக் காட்டினால் என் மாயம் உடையும். மூன்றும் தப்பினாலோ, அதற்குள் ஏரி நிரம்பி வழிந்தாலோ, அவள் காலமெல்லாம் அப்படியேதான். இது என் கோலின்மேல் ஆணை” என்றான்.

இளவஞ்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒற்றைக்காலில் ஒரு கொக்கு சோகமாக நின்றது. “இவதான் என் தங்கச்சி” என்றாள். கொக்கு ஒரு மீனைக் கவ்விக்கொண்டு பறந்து போனது. அடுத்து ஓர் அல்லிப்பூ அவளைப் பார்த்துத் தலையாட்டியது. அதைக் காட்டினாள். காற்றடித்தால் எல்லாப் பூவும்தான் தலையாட்டும். இரண்டாவதும் போயிற்று. மிச்சம் ஒன்றுதான்.

கரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

“அழுது முடிச்சிட்டியா?” என்று காலடியில் ஒரு குரல். பார்த்தால் ஒரு தவளை. மந்திரவாதி குளிக்கிற தண்ணீரில் வளர்ந்தால் தவளை பேசாமல் என்ன செய்யும்?

முத்தாரம் எங்கே என்று அதற்குத் தெரியாது. அது சேற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்ததாம். ஆனால் ஒரு யோசனை சொன்னது. “இங்க என்னென்ன இருக்குன்னே நீ இன்னும் பாக்கல புள்ள. உக்காந்து ஒண்ணொண்ணா வரை. மொதல்ல என்னை வரை. அழகா வரை.”

இளவஞ்சி துணித் துண்டுகளை அடுக்கித் தைத்து ஓர் ஏடு ஆக்கினாள். அடுப்புக்கரி ஒரு துண்டு எடுத்தாள். சேலைக் கரை வரைந்த கைக்குத் தவளை எம்மாத்திரம்? ஒரே மூச்சில் வரைந்து நீட்டினாள். படத்திலிருந்த தவளைக்கு அன்னத்தின் கழுத்து இருந்தது.

தவளை நொந்துபோயிற்று. “பாத்தியா, நெனச்சியா?” என்று கேட்டது.

மறுபடி வரைந்தாள். இந்தத் தடவை கண்ணை மட்டும். கோணல்தான், ஆனால் தவளைக் கண். ஓரத்தில் அன்றைக்கு வெயிலா மேகமா, என்ன பூத்தது, எது கத்தியது என்றும் குறித்துவைத்தாள்.

அடுத்த நாள் ஒரு நத்தையை வரைந்தாள். ஓடு மாங்காயாக வந்து நின்றது.

“பாத்தியா, நெனச்சியா?”

அதற்கடுத்த நாள் கரையோரத்து மருதமரத்தை வரைந்தாள். கிளையில் ஒரு ஜோடிக் கிளியை உட்கார வைத்தாள்.

“பாத்தியா, நெனச்சியா?”

நிமிர்ந்து பார்த்தாள். கிளியைக் காணோம். ஈர விரலால் இரண்டையும் துடைத்தாள்.

இப்படியே நாள் போயிற்று. விரலெல்லாம் கரி, முழங்காலெல்லாம் சேறு. கோடு இன்னும் கோணல்தான். ஆனால் கண் திறந்துகொண்டது. தட்டான் சுற்றிவிட்டு அதே குச்சியில்தான் வந்து உட்காரும் என்று தெரிந்தது. எந்தக் கொக்குக்கு இறகு கிழிந்திருக்கிறது என்றும் தெரிந்தது. சில நேரம் அவள் அழ மறந்துபோவாள். பிறகு நினைவு வந்து, தங்கையைத் தொலைத்துவிட்டு இப்படி ரசித்துக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கப்படுவாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி வழிய இன்னும் விரற்கடைதான் பாக்கி. தூமகேது கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றான். இளவஞ்சி அவசரமாக ஏட்டைப் புரட்டினாள். ஐயோ பாவம், மழையில் கரியெல்லாம் கரைந்து, கையில் இருந்தது வெறும் ஈரத் துணி.

“இனி எதைப் பார்த்துச் சொல்வாய் பெண்ணே?” என்று சிரித்தான் அவன்.

ஏட்டை மடியில் போட்டுவிட்டு இளவஞ்சி ஏரிக்கரையைப் பார்த்தாள். மழைக்குப் பயந்து பறவைகளெல்லாம் மரத்துக்கு மரம் ஒண்டியிருந்தன. இலுப்பையில் கொக்கு, புங்கையில் காக்கை, நாவலில் மைனா. அடர்ந்து நின்ற அந்த மருதமரத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. என்றைக்கு இருந்தது? அவள் எத்தனையோ தடவை வரைந்த மரம். ஒரு தடவைகூட அதில் ஒரு சிட்டுக்குருவியை அவள் பார்த்ததில்லை.

ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

“இவதான் என் தங்கச்சி. மரத்துக்குள்ள மனுஷி மூச்சு விடறது பறவைங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் இத்தனை நாள் தெரியல.”

படாரென்று மந்திரக்கோல் இரண்டாகப் பிளந்தது. தூமகேதுவின் மாயமெல்லாம் அதோடு போயிற்று. குளிரில் நடுங்குகிற ஒரு கிழவன்தான் அங்கே நின்றான். இளவஞ்சிக்கு அவன்மேல்கூட இரக்கம் வந்தது. ஏரி அன்றிலிருந்து ஊருக்கே பொதுவாயிற்று. யார் வேண்டுமானாலும் குளிக்கலாம், நூல் அலசலாம்.

மரம் சிலிர்த்தது. இளவஞ்சியின் கைக்குள் மழையில் தொப்பலாக நனைந்துபோய் முத்தாரம் நின்றாள். அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பிச் சொன்னாள்:

“நீ என்னை வரையறப்பல்லாம், எவ்வளவு காத்தடிச்சாலும் ஒரு இலைகூட ஆடாமப் புடிச்சுக்கிட்டு நின்னேன் அக்கா. நீ பாக்கணும்னு.”

அக்காள் தங்கை இருவரும் கைகோத்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் நன்றாக இருந்ததுபோல, இந்தக் கதை கேட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் நன்றாக இருக்கட்டும்.