வெள்ளையடித்த சுவர்

குரு என்றால் நரைத்த தாடி, சிஷ்யன் என்றால் அரும்பு மீசை என்று யாரும் சட்டம் போடவில்லை. இந்தக் குருவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். சிஷ்யர் சம்பந்தத்துக்கு அறுபது தாண்டிவிட்டது.

ஒரு நாள் காலையில் சம்பந்தம் மடத்துக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"சாமி, எனக்குப் பயம் போகணும். ஒரு மந்திரம் குடுங்க."

"என்ன பயம்?"

"என் வீட்டுக்காரி தையல்நாயகி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுதே. இப்பத்தான் தடி ஊணி நடக்குறா. இன்னொரு தடவை விழுந்தா அவ எழுந்திரிக்கிறது சந்தேகம்னு டாக்டர் சொல்லிட்டார். அதுலேர்ந்து அடுக்களையில ஒரு கரண்டி விழுந்தாலும் எனக்கு உசிரு தொண்டைக்கு வந்துடுது."

"கரண்டி விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"பூஜை ரூமுக்குப் போயி உக்காந்துடுவேன்."

"அடுக்களைக்குப் போறதில்லையா?"

"போய்ப் பாக்கப் பயமா இருக்கு சாமி."

"வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றார் குரு.

குருவே வீட்டுக்கு வருகிறார் என்றால் சும்மாவா? சம்பந்தம் சுவருக்கெல்லாம் தன் கையாலேயே வெள்ளையடித்தார். சிவப்புச் சிமெண்டுத் தரையைக் கழுவி, பளபளக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார். முகம் பார்க்கலாம் போலிருந்தது தரை.

குரு வந்தார். கூடத்தில் மணை போட்டு, அதன் மேல் தாம்பாளத்தில் நிற்க வைத்து, சம்பந்தம் பாத பூஜை செய்தார். பக்தி மிகுதி. சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டார். தாம்பாளம் நிறைந்து, தண்ணீர் வழிந்து, எண்ணெய்த் தரையில் சத்தமில்லாமல் பரவிக்கொண்டே போனது.

உள்ளேயிருந்து பழத்தட்டோடு தையல்நாயகி வந்தாள். இரண்டு கையிலும் தட்டு. பார்வை குருவின் மேல்.

"அம்மா, அசையாதீங்க."

குரு கத்தவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார். அவள் நின்றாள். அவள் கால் கட்டைவிரலுக்கு முன்னால் தண்ணீர் வந்து நின்றது.

சம்பந்தம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார்.

"அப்புறமா ஜெபிக்கலாம் ஐயா. துணி எடுங்க."

அவர் அசையாததைப் பார்த்து, குரு தன் மேல்துண்டை உருவிக் குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஐயையோ சாமி! காவித் துண்டு!"

"காவி நனைஞ்சா காய வெச்சுக்கலாம்."

தரை காய்ந்த பிறகு தையல்நாயகியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

"தடி எங்கேம்மா?"

"ரெண்டு கையிலயும் தட்டு சாமி. மூணாவது கை ஒண்ணு கடவுள் குடுக்கலையே."

குரு சிரித்தார். சம்பந்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஐயா, அந்தத் தடியை நீங்க எடுங்க. ஒரு காலுக்குப் பலம் இல்லைன்னு வெச்சுக்குங்க. அம்மா படுக்கையிலேர்ந்து குளிக்கிற ரூமுக்குப் போற மாதிரி போங்க."

சம்பந்தம் காலை இழுத்து இழுத்து நடந்தார். குளியலறைக்குப் போகும் நடை இருட்டாக இருந்தது.

"பல்பு எப்பப் போச்சு?" என்று கூடத்திலிருந்தே கேட்டார் குரு.

"தீபாவளிக்கு முன்னாடியே போச்சு" என்றாள் தையல்நாயகி.

குளியலறை வாசலில் உயரமான நிலைப்படி. அதன் முன்னால் பழைய புடவையை மடித்துப் போட்ட கால்மிதி. சம்பந்தம் அதில் காலை வைத்ததும் அது நழுவியது. அவர் கை சுவரைத் தேடியது. பிடிக்க ஒன்றும் இல்லை. வெறும் சுவர். எப்படியோ சாய்ந்து நின்றார். உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்பு.

தையல்நாயகி குருவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, நீங்க இங்க எதைப் பிடிப்பீங்க?"

"சுவத்தைத்தான் சாமி. என் கை பட்டுப் பட்டு ஒரு கறை இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு இவங்க வெள்ளையடிச்சு மறைச்சுட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "போன வாரம் இதே இடத்துல வழுக்கிப் பக்கெட்டைப் பிடிச்சேன். பக்கெட்டும் என்கூடவே வந்துடுச்சு. ஏதோ தப்பிச்சேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே தையலு?"

"சொன்னா? பூஜை ரூமுக்குள்ள போயி உக்காந்துக்குவீங்க. அப்புறம் உங்களையும் சேர்த்து நான்தான் தேத்தணும்."

"அந்தக் கறை எங்க இருந்துச்சும்மா?" என்றார் குரு.

அவள் பார்க்கக்கூட இல்லை. கை தானாகப் போய் ஓரிடத்தில் உட்கார்ந்தது. குரு அடுப்புக்கரி வாங்கி, அவள் விரல்களைச் சுற்றி அந்தப் புது வெள்ளையின் மேல் கோடு இழுத்தார்.

"இங்க ஒரு கைப்பிடி வரணும். ஒரு ஆள் தொங்கினாலும் பேராத மாதிரி."

சம்பந்தம் குனிந்து புடவைக் கால்மிதியைச் சுருட்டி ஓரமாகப் போட்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"வேற எங்கெல்லாம் பயமா இருக்கு தையலு?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணமான நாளாய் இதை அவர் கேட்டதில்லை.

"கொல்லைப் படி ஒண்ணு ஆடுது" என்றாள். "வாங்க, காட்டுறேன்."

அவரிடமிருந்து தடியை வாங்கிக்கொண்டு அவள் முன்னே போக, அவர் பின்னாலேயே போனார். கொல்லைப்படி, கட்டிலின் உயரம், அடுக்களையில் எட்டாத பரண். சொல்லிக்கொண்டே வந்தாள். பழத்தட்டு கூடத்திலேயே கிடந்தது.

குரு கிளம்பும்போது சம்பந்தம் தெருவரை வந்தார்.

"எல்லாத்தையும் சரி பண்ணிடுறேன் சாமி. அப்ப இந்தப் பயம் போயிடுமா?"

"அது ஏன் ஐயா போகணும்?" என்றார் குரு. "இன்னைக்கு உங்களுக்கு வீட்டைச் சுத்திக் காட்டினதே அந்தப் பயம்தானே."