தூக்கி வெச்ச இடம்

ஒரு கடல்ல ஒரு தீவு. தீவுல ஏழே ஏழு பேரு. படகு உடைஞ்சு கரை ஒதுங்கினவங்க. ம் கொட்டு குட்டி, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

"ம்."

அந்தத் தீவுக்கு மேல, மேகத்துக்குள்ள இருந்து ஒரு விரல் வரும். ஆமா, விரல்தான். யாரோட விரலுன்னு யாருக்கும் தெரியாது. காலையில சர்ருனு இறங்கும். தொட்டாப் போதும், ஆளு அதுல ஒட்டிக்கிட்டு மேல வந்துடுவான். களாச்செடிகிட்ட இறக்கி வெச்சா களாக்காய் பறிப்பான். ஊத்துகிட்ட வெச்சா தோண்டுவான். முதல் நாள் திருதிருன்னு முழிப்பான். அங்கேயே வெச்சுக்கிட்டு இருந்தா வேலை கைக்கு வந்துடும்.

அப்புறம் அதுவே தீவோட வழக்கமாயிடுச்சு. சாப்பிட, தூங்க கூரைக்குப் போறதுக்குத்தான் காலு. வேலைக்குப் போறதுக்கு விரலு. வெச்ச வேலையை விட்டு வேற வேலைக்குத் தானாப் போனா விரலுக்குக் கோவம் வந்துடுமாம். விரல் அப்படிச் சொல்லவே இல்ல. விரலுக்கு வாய் ஏது?

"ம்."

அங்க மருந்து தெரிஞ்சவன் கயித்தான் ஒருத்தன்தான். கனத்த ஆளு. ஒரு வருஷமா நிலவேம்புச் செடிகிட்ட வெச்சு வெச்சு அவன் கை மருந்தைப் படிச்சுது. ஆனா கடைசியா விரல் அவனை மீன் புடிக்கன்னு கடல்ல முட்டளவு தண்ணியில வெச்சுட்டுப் போச்சு.

போனது போனதுதான். மறுநாள் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை.

களாச்செடியில காய் தீர்ந்துபோச்சு. பிரகாசிக் கிழவி வெறும் செடியையே உருவிக்கிட்டு நின்னா. சரக், சரக். பக்கத்துப் புதர்ல காய் கறுகறுன்னு தொங்குது. "அங்க போய்ப் பறியேன் கிழவி"ன்னு யாராவது சொன்னா, "என்னை இங்கதானே வெச்சிருக்கு"ங்கிறா.

"லூசா அவ?"

லூசு இல்ல குட்டி. பழக்கம்.

மூணாம் நாள் சலேத்தோட புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. புள்ளை பெத்தவளை மட்டும் விரல் எந்த வேலையிலயும் வைக்காது. அதனால சலேத்து புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு தீவெல்லாம் நடப்பா. அன்னிக்குப் புள்ளை உடம்பு அடுப்புக்கல்லு மாதிரி கொதிச்சுது.

பாறைமேல ஏறி, "ஏ விரலே! எங்க போய்த் தொலைஞ்சே!"ன்னு கத்தினா. மேகம் பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

அப்போ கடலுக்கு ஓடினா. சளப், சளப்.

"கயித்தாண்ணே, புள்ளைக்குக் காய்ச்சல். வந்து கஷாயம் போடுங்க."

"வரணும்தான் தாயி. ஆனா என்னை இங்கல்ல வெச்சிருக்கு."

"மீன் கிடைக்குதா?"

"மூணு நாளா ஒண்ணும் இல்ல."

"அப்ப என்னத்தைப் புடிக்கிறீங்க?"

"தண்ணியத்தான்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. "சரி, அந்தச் செடியில எந்தத் தழை, எவ்வளவுன்னு சொல்லுங்க. நானே பறிச்சுக்கிறேன்."

"சொல்லத் தெரியாது தாயி. அது கைக்குத்தான் தெரியும்."

புள்ளை அழுறதை நிறுத்திடுச்சு. அழுதாலாவது பரவாயில்ல. சலேத்து ஓடிப்போய்க் கிழவி கையில புள்ளையைக் குடுத்தா. "நீ நிக்கிற இடத்துலயே நில்லு ஆத்தா. இதை மட்டும் புடி." திரும்பி வந்தா. குனிஞ்சா. கயித்தான் இடுப்பைக் கட்டிப் புடிச்சு, ஒரே எக்கு!

"ஏய், ஏய்! என்ன பண்றே! இறக்கு!"

"பேசாம வாங்கண்ணே. விரல்னு நினைச்சுக்குங்க."

"விரலுக்கு இப்படி மூச்சு வாங்காதே!"

முதல் தடவை தண்ணியிலயே விழுந்தான், ப்ளக். மறுபடி தூக்கினா. கரையில மணல்ல விழுந்தான், பொத். மறுபடி தூக்கினா. முதுகு கடகடங்குது, கால் மணல்ல புதையுது, விடலை. நிலவேம்புச் செடிகிட்ட கொண்டுபோய் வெச்சா. தொப்!

கயித்தான் பின்னாடி ஒட்டின மணலைத் தட்டினான். செடியைப் பார்த்தான். கை தானா கிள்ள ஆரம்பிச்சுது. அலசினான், காய்ச்சினான், தளதளன்னு கொதிச்சுது. சலேத்து கிழவிகிட்ட இருந்து புள்ளையை வாங்கிட்டு வந்தா. ஆறவெச்சு, சங்குல ஊத்தி, ஒரு சங்கு, ரெண்டு சங்கு, மூணு சங்கு குடுத்தாங்க. புள்ளை முகத்தைச் சுளிச்சுது, துப்புச்சு, ஓன்னு கத்துச்சு. அந்தக் கத்தலைக் கேட்டு சலேத்து அப்படியே தரையில உக்காந்துட்டா.

"பொழைச்சுக்கிச்சா?"

இரு. கழுத்துல வேர்வை கட்டினாத்தான் பொழைச்சதுன்னு சொல்லலாம். கட்டுச்சு. ஆனா மருந்தை மூணு வேளை குடுக்கணும்னு கயித்தான் சொன்னான்.

அப்புறம் அவன் எந்திரிச்சுப் போய், பிரகாசிக் கிழவியைத் தூக்கி அடுத்த புதர்கிட்ட வெச்சான். "அட நாசமாப் போறவனே!"ன்னு திட்டிக்கிட்டே கிழவி மடி நிறைய காய் பறிச்சா. எல்லாரும் சாப்பிட்டாங்க.

ரெண்டாம் வேளை மருந்துக்குத் தழை பறிக்கக் கயித்தான் குனியும்போது, சர்ருனு விரல் வந்துடுச்சு. வந்த வேகத்துல அவனைத் தூக்கி மறுபடி கடல்லயே வெச்சுது.

"ஐயோ!"

ம். அவன் தண்ணியைப் பார்த்தான். கரையில புள்ளை மறுபடி முனகுறது கேட்டுச்சு. சலேத்து எந்திரிச்சா, முந்தானையை இழுத்துச் சொருகினா, தூக்க வர்றதுக்கு. அவன் கையைக் காட்டி அவளை நிறுத்தினான். "வேண்டாம் தாயி. உன் முதுகு போயிடும்." அப்போ ஒரு காலை எடுத்து வெச்சான். இன்னொரு காலை எடுத்து வெச்சான். விரல் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே வந்துட்டான்.

"விரலுக்குக் கோவம் வந்துச்சா?"

வரலை. சும்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுச்சு. அப்புறம் மெதுவா அவன் பின்னாடியே வந்து, கஷாயம் கொதிச்சு இறங்குற வரைக்கும், அந்தப் புள்ளைமேல வெயில் படாம நிழலா நின்னுச்சு.

கதை கரையேறிடுச்சு. கண்ணை மூடு, குட்டி.