காலையில் மடங்காத கால்

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதை நடத்திவந்த மங்கையர்க்கரசி அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய சீடர் பரஞ்சோதிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மனம் எதிலும் ஒட்டாமல், உபதேசம் வேண்டும் என்று வந்து சேர்ந்தார்.

அம்மா உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. ஆசிரமத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை விடியற்காலைப் பிரார்த்தனைக்கு உட்காரவைக்கும் வேலையைக் கொடுத்தார்.

“முப்பது வருஷம் இதைத்தானே செஞ்சேன். இங்கேயும் இதுதானா?” என்று பரஞ்சோதி சலித்துக்கொண்டார். ஆனாலும் செய்தார். வரிசை கோணினால் அவருக்குப் பொறுக்காது.

வரிசையைக் கோணலாக்கியவள் செவ்வந்தி. இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். தாய்க்குக் கொல்லத்தில் முந்திரி ஆலையில் வேலை. தினமும் கடைசி ஆளாக வந்து சேர்வாள். மற்றவர்கள் சம்மணம் போட்டிருக்க, இவள் மட்டும் இடது காலை நீட்டிக்கொண்டு உட்காருவாள்.

“காலை மடக்கு.”

மடக்க மாட்டாள்.

“வலிக்குதா?”

“இல்ல சார்.”

“பின்னே என்ன?”

“காலு நான் சொன்னா கேக்க மாட்டேங்கு சார்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். பரஞ்சோதிக்குக் கோபம் தலைக்கேறியது. தூணோரம் நிற்கவைத்தார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அவளுக்குக் ‘கடைசி’ என்றே பெயர் வைத்துவிட்டார். “கடைசி வந்தாச்சா?” என்று கேட்டபிறகுதான் பிரார்த்தனை ஆரம்பமாகும்.

ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டு வரும்போது, செவ்வந்தி வேப்பமரத்தடியில் கட்டம் கீறிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். குதித்துக் குதித்து ஆடினாள். ஆட்டம் முடிந்ததும் ஓடினாள்.

பரஞ்சோதி நேரே அம்மாவிடம் போனார். ஒரு வாரமாகக் கிணற்று மோட்டார் ஓடவில்லை. வருகிறேன் என்ற ரிப்பேர்காரன் இன்றும் வரவில்லை. அம்மா போனைக் கீழே வைத்துவிட்டுக் கடுப்போடு நிமிர்ந்தார்.

“அம்மா, பொய் சொல்ற பிள்ளையை எப்படித் திருத்துறது?”

“எந்தப் பிள்ளை?”

“செவ்வந்திதான். காலையில கால் மடங்கலேங்கா. இப்ப போய்ப் பாருங்க, ஓடிக்கிட்டிருக்கா. மத்தியானம் மடங்குற கால் காலையில மடங்காதா?”

“காலையில எப்படி இருக்குன்னு பார்த்தீங்களா?”

“தினமும்தான் பார்க்கேன். காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா.”

“அது உட்கார்ந்த பிறகு. அதுக்கு முன்னாடி?”

“அம்மா, எதையும் நேராச் சொல்ல மாட்டீங்களா?”

“நாளைக்கு நீங்க மணி அடிக்க வேண்டாம் சார். பிள்ளைங்க படுக்கிற கூடத்து வாசல்ல வந்து உட்காருங்க. நானும் வாரேன்.”

“எதுக்கு?”

“உட்காரத்தான்.”

உபதேசம் கேட்டு வந்தவனை வாசலில் உட்காரவைக்கிறார்களே என்று முனகிக்கொண்டே, மறுநாள் இருட்டோடு போய் உட்கார்ந்தார். அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கூடத்தில் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பாயில் மட்டும் அசைவு தெரிந்தது.

செவ்வந்தி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் எழுப்பவில்லை. இரண்டு கையாலும் இடது முட்டியைத் தேய்த்தாள். பிறகு புரண்டு, வலது காலை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்தாள். இடது கால் கட்டை போலப் பின்னால் இழுபட்டு வந்தது. சுவரைப் பிடித்தபடியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நடுவில் நின்று முட்டியை மடக்கிப் பார்த்தாள். மறுபடியும் நடந்தாள்.

மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் துள்ளி எழுந்து, பாயைச் சுருட்டி எறிந்துவிட்டு, அவளைத் தாண்டி ஓடினார்கள். செவ்வந்தி வாசற்படிக்கு வந்தாள். உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினாள்.

பரஞ்சோதி எழுந்துபோய் அவள் எதிரே குந்தினார்.

“நீ ஏன்மா எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சே?”

சார் திட்டப்போகிறார் என்று நினைத்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“காலு இளகணும்லா சார். நேரமாகும். வரிசைக்கு வரணும்லா.”

அவர் வாயில் ‘கடைசி’ என்ற சொல் வந்து நின்று, அப்படியே உள்ளே போனது.

அம்மா அவர் கையைப் பிடித்துச் செவ்வந்தியின் வலது முட்டியில் வைத்தார். பிறகு இடது முட்டியில் வைத்தார். வலது முட்டி அந்த நேரத்துக் குளிர்ச்சியோடு இருந்தது. இடது முட்டி பொதபொதவென்று வீங்கி, சோற்றுப்பானை மூடியைத் தொட்டதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

“எங்கேயாவது விழுந்திருப்பா,” என்றார் பரஞ்சோதி படபடப்பாக. “இல்லேன்னா வெறும் பாயில படுக்கிறதால இருக்கும். புத்தகப் பை கனமா இருக்கு, நானே சொல்லணும்னு நினைச்சேன். சாப்பாட்டுல சத்து போதாது. அவங்க அம்மா சின்ன வயசுலயே கவனிச்சிருந்தா...”

“சார்.”

“சொல்லுங்கம்மா.”

“வண்டியைக் கூப்பிடுங்க.”

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். பிள்ளைகளின் மூட்டு நோய்களுக்கென்றே படித்தவர். கொல்லத்திலிருந்து தாய் பேச்சியம்மாள் ரயில் ஏறி வந்திருந்தாள். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் பண்ணினார்கள். மூட்டு வாதம் என்றார்கள். பிள்ளைகளுக்கும் இது வரும் என்பதே பரஞ்சோதிக்குப் புதிது.

“யார் செஞ்ச தப்பு டாக்டர்?”

“யாரும் செய்யலை. கிருமியை விரட்ட வேண்டிய சக்தி, ஆள் தெரியாம சொந்த மூட்டையே தாக்குது. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியாது.”

“மத்தியானம் ஓடுறாளே?”

“ராத்திரி அசையாமக் கிடந்தா மூட்டு இறுகிடும். நடக்க நடக்க இளகும். அதனாலதான் காலையில பார்க்கணும்.”

“வலிக்குதான்னு கேட்டேன். இல்லேன்னாளே.”

“சில பிள்ளைங்களுக்கு வலியே இருக்காது. இருந்தாலும் சொல்லத் தெரியாது. எல்லார் காலும் இப்படித்தான் போலன்னு நினைச்சுக்கும்.”

அப்படியே விட்டிருந்தால் முட்டி முழுசாக மடக்கவும் நீட்டவும் முடியாமல் நின்றுபோகும், ஒரு கால் மற்றதைவிட நீளமாக வளர்ந்துவிடும் என்றார். இந்த நோய் சத்தமில்லாமல் கண்ணையும் கெடுக்கும் என்று கண் டாக்டரிடம் அனுப்பினார். நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றுமில்லை.

“எப்ப இருந்து இப்படி உட்காருறா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

பேச்சியம்மாளுக்குத் தெரியவில்லை. அவள் பரஞ்சோதியைப் பார்த்தாள்.

“கார்த்திகையில இருந்து,” என்றார் அவர். அது பங்குனி மாதம்.

“அப்பவே யாரும் பார்க்கலையா?”

“பார்த்தேன்,” என்றார் பரஞ்சோதி. “தினமும் பார்த்தேன்.”

திரும்பி வந்ததும் அம்மா முன்னால் போய் நின்றார்.

“எனக்கு என்னம்மா பிராயச்சித்தம்?”

“காலையில பிள்ளைங்களை யார் பார்ப்பா?”

“நான்தான்.”

“அப்ப போய்ப் படுங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும்.”

மாத்திரையும் பயிற்சியுமாக மாதங்கள் போயின. ஆவணியில் செவ்வந்தி சம்மணம் போட்டாள். இடது முட்டி மட்டும் தரையைத் தொடாமல் நாலு விரல் உயரத்தில் நின்றது. பரஞ்சோதி அந்த நாலு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவர் ஆளே மாறிவிட்டார். குதிகால் ஊன்றாமல் நடக்கிற பிள்ளையை நிறுத்தினார். செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேட்டார். சட்டையைக் கழற்றிக் குனியச் சொல்லி முதுகைப் பார்த்தார். மூன்று பேரைத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போனார். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவனுக்கு முதுகெலும்பு லேசாக வளைந்திருந்தது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். அதிலிருந்து அவருக்குத் தூக்கமே போய்விட்டது. ஒரு பிள்ளையையும் அதட்ட நா எழவில்லை. வரிசை கண்டபடி கோணியது.

பிள்ளைகள் விடுவார்களா? ஐந்தாம் வகுப்பு இசக்கிதுரை மணி அடித்தும் எழவில்லை. பாயில் கிடந்தபடி, “காலு கேக்க மாட்டேங்கு சார்,” என்றான். தொடர்ந்து நாலு நாள் இதே பாட்டு.

ஐந்தாம் நாள் பரஞ்சோதி அம்மாவைத் தேடிப் போனார்.

“அம்மா, இந்த இசக்கிதுரை என் உயிரை வாங்குறான்.”

“என்னவாம்?”

“காலு கேக்க மாட்டேங்காம்.”

“முட்டியைத் தொட்டீங்களா?”

“ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. வீக்கம் இல்ல, சூடு இல்ல.”

“கணுக்கால், இடுப்பு?”

“மடக்கிப் பார்த்தேன். ரப்பர் மாதிரி மடங்குது.”

“எழுந்து நடக்கிறதை?”

“வாசல்லேயே உட்கார்ந்து பார்த்தேன். இட்லி வாசனை வந்ததும் நாலு படியை ஒரே தாவாத் தாவி ஓடுறான்.”

“டாக்டர்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். அவனைப் பெத்தவங்ககிட்டயும் கேட்டேன். எல்லாம் பார்த்தாச்சும்மா!” பரஞ்சோதி கையை விரித்தார். “பார்க்க வேண்டியது இனி ஒண்ணும் பாக்கி இல்ல. இப்ப நான் என்னதான் செய்யணும்?”

“இப்ப திட்டுங்க,” என்றார் அம்மா.