கடல் ரோடு கரையறதுக்குள்ள

ரொம்ப ரொம்ப வடக்க, பனிக்கு நடுவுல, ஒரு ஊர்ல ஒரு மருத்துவச்சி இருந்தா. பேரு இவாலு. அவளுக்கு ஒரே தங்கச்சி, அர்னாக். அவளைக் கட்டிக் கொடுத்தது எதிர்ல இருக்கற தீவுல. நடுவுல கடல். ம் சொல்லு.

"ம்."

அங்க குளிர்காலம் வந்தா சூரியன் போயிடும். ரெண்டு மாசம் எட்டியே பாக்காது. அப்போ கடல் மொத்தமும் உறைஞ்சு கல்லாயிடும். அலை இல்ல, சத்தம் இல்ல. அக்காவும் தங்கச்சியும் அது மேலேயே, நெலா வெளிச்சத்துல, சரக் சரக்னு நடந்து போய்ப் பாத்துக்குவாங்க.

அப்புறம் ஒரு நாள் தெற்கால சூரியன் நகத்தளவு எட்டிப் பாக்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம். இப்படியே வளந்து வளந்து, கோடை வந்துட்டா மறையவே மறையாது. செக்குமாடு மாதிரி வானத்தைச் சுத்திச் சுத்தி வரும். அப்போ ஐஸ் சும்மா இருக்குமா? சொட்டு... சொட்டு... சொட்டு...

"கரைஞ்சிடுமா?"

கரையும். ஆனா ஒரேயடியா இல்ல. நடக்க முடியாத அளவுக்கு மெலிசா, படகு போக முடியாத அளவுக்குக் கெட்டியா, கொஞ்ச நாள் கிடக்கும். அந்த நாள் நெருங்கறப்பதான் அர்னாக்கோட புருஷன் மினிக் நாய்ங்க இழுக்கற சறுக்கு வண்டியை விரட்டிக்கிட்டு வந்து நின்னான். முழங்கால் வரைக்கும் ஈரம்.

"அண்ணி, அவளுக்கு வலி எடுத்துடுச்சு. உடனே வாங்க."

இவாலு சூரியனைப் பாத்தா. உசரத்துல தகதகன்னு நிக்குது. "பொறு தம்பி. அது தாழ இறங்கட்டும். அப்போ வெயில் தணிஞ்சு ஐஸ் கொஞ்சம் இறுகும்."

"அவ அங்க துடிச்சுக்கிட்டு இருக்கா!"

"அவ என் தங்கச்சி, மினிக்."

இவாலு உக்காந்து, ஐஸ் குத்தாம இருக்க நாய்ங்க பாதத்துக்குத் தோல் கட்டினா.

அப்புறம் நடுராத்திரிக்குச் சூரியன் வடக்க சாஞ்சு, மறையாம கடலோரமா ஆரஞ்சுப் பழமாட்டம் உருண்டுச்சு. கிளம்பினாங்க. இவாலு முன்னால கம்பால தட்டிக்கிட்டே போனா. டங்... "வா." டங்... "வா."

முதல்ல ஒரு விரிசல், ஒரு முழம். நாய்ங்க ஹூப்னு தாண்டிடுச்சு. அப்புறம் ஐஸ் மேல நீலமாத் தேங்கின தண்ணி, வானமே கீழ படுத்த மாதிரி. சளக் சளக்னு அதுலயே நடந்தாங்க. அப்புறம் கம்பு... பொத்!

முன்னால கருகருன்னு தண்ணி, ஒரு வீட்டு அகலத்துக்கு.

"வரும்போது இது இல்லியே அண்ணி. அப்பவே கிளம்பியிருந்தா..." மினிக் நாய்ங்களை இழுத்து நிறுத்தினான்.

இவாலு சுத்திப் பாத்தா. ஓரத்துல பாய் அளவு ஒரு ஐஸ் துண்டு ஒட்டியும் ஒட்டாமலும் நின்னுச்சு. இடுக்குல கம்பை விட்டு நெம்பினா. கர்ர்ர்... டப்! கழண்டுச்சு.

"வண்டி கிடக்கட்டும். நாய்க் கயித்தைக் கையில பிடி. படு."

ரெண்டு பேரும் துண்டு மேல குப்புறப் படுத்தாங்க. நாய்ங்க தண்ணியில குதிச்சு நீந்திச்சு. கயிறு விறைச்சுது. துண்டு ஆடி ஆடி, மெதுவா... மெதுவா... தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

அந்தப் பக்கம் ஏறி, தீவுல இருக்கற வீட்டுக்கு ஓடினாங்க. அர்னாக் வேர்த்து நனைஞ்சு கிடந்தா. "ஏன்க்கா இவ்ளோ நேரம்?"

"வந்துட்டேன்டி. என் கையைப் பிடி."

அப்புறம் பொறந்துச்சு, ஒரு பொம்பளப் புள்ள. அழவே இல்ல. இவாலு முதுகைத் தேச்சா. தலைகீழாப் பிடிச்சா. வாயில ஊதினா. அப்போ... ஙா!

அதே நேரம் வெளிய கடல் டமார்னு ஒடைஞ்சு, ரோடு முழுக்கத் துண்டு துண்டாப் போயிடுச்சு. படகு வர வரைக்கும் இவாலு இனிமே இங்கதான்.

ஆனா புள்ள தூங்கல. வெயில் ஜன்னல் வழியா மூஞ்சியிலேயே விழுது. இவாலு சீல்ங்கற கடல்நாயோட தோல் ஒண்ணை எடுத்து ஜன்னல்ல தொங்கவிட்டா. அந்தப் புள்ள பாத்த முதல் இருட்டு அதுதான். கொட்டாவி விட்டுச்சு. அம்மா தூங்கினா, அப்பா தூங்கினான், ஈர நாய்ங்களும் தூங்கிடுச்சு.

என்ன, ம் காணோம்? சரி. கதை கரை சேந்துச்சு, நீயும் தூங்கு கண்ணு.