புங்க மரம் சொன்ன பதில்

பல்கலைக்கழக நூலகத்துக்கு எதிரே வரிசையாகப் புங்க மரங்கள். அவற்றை வெட்டிவிட்டு, கார் நிறுத்த சிமெண்டுத் தளம் போட வேண்டும் என்று பதிவாளர் தண்டபாணி உத்தரவு போட்டுவிட்டார்.

மாணவர்களின் பசுமைக் குழு அவரிடம் முறையிடப் போனது. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த செவ்வந்தி கடைசி ஆளாக நின்றாள்.

"வெட்ட வேண்டாம்னு அந்த மரமே என்கிட்ட சொல்லட்டும், விட்டுடறேன்" என்றார் பதிவாளர். அறையில் இருந்த அதிகாரிகள் சிரித்தார்கள்.

"சரிங்க சார்" என்றாள் செவ்வந்தி. "மரத்தால இங்க வர முடியாது. நாளைக்கு மத்தியானம் நீங்க அங்க வந்தா, கண்டிப்பா சொல்லும்."

மறுநாள் மத்தியானம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. பதிவாளர் மரங்களுக்குச் சற்றுத் தள்ளி வெட்டவெளியில் விறைப்பாக நின்றார். கொஞ்ச நேரத்தில் கைக்குட்டை நனைந்தது. மெல்ல நகர்ந்து நகர்ந்து மரத்தடிக்கு வந்து, "அப்பாடா!" என்றார். பிறகு, "என்னம்மா, உன் மரம் ஒண்ணும் சொல்லக் காணோமே?" என்று கேட்டார்.

"சொல்லிடுச்சே சார். 'வெயில்ல நிக்காதீங்க, இப்படி வாங்க'ன்னு கூப்பிட்டுச்சு. அது காதுல விழுந்துதானே வந்தீங்க?"

கூட்டம் கைதட்டியது. பதிவாளருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சொன்ன சொல் சொன்னதுதான், வெட்டல. ஆனா காரை எங்கம்மா நிறுத்தறது?"

"இந்த நிழல்லயே நிறுத்துங்க சார். சாயங்காலம் ஏறி உட்காரும்போது சீட்டு சுடாது."

மறுநாள் காலை, புங்க மரத்தடியில் முதல் ஆளாகப் பதிவாளரின் கார் நின்றது.